யாருடையதுமில்லாத ஊதா நிறம்

அந்த ஆய்வுக்கூடத்தில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து உறிஞ்சி எடுத்த ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அது நல்லதா கெட்டதா என்று சொல்வது இருவருக்கும் வேலை. டெக்னீஷியன்கள் ஒருவருக்குக் கனவு என்றும் மற்றவருக்குச் சந்தேகம் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு பெயரும் உரியவர்கள் காதுக்கு எட்டியும் ஆயிற்று. இருவருமே கோபித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பொருத்தமான பட்டப்பெயரோடு சண்டை போட்டு யார் ஜெயித்திருக்கிறார்கள்?

கனவு என்பவள் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த பெண். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தாள் என்றால் ஆள் அதன் பிறகு இந்த உலகத்தில் இல்லை. பக்கத்தில் வைத்த டீ ஆறி ஏடு படியும். யாராவது கூப்பிட்டால் 'ம்' என்பாள். அந்த 'ம்' வேறெங்கோ இருந்து வரும். ஸ்லைடு ஒவ்வொன்றும் அவளுக்கு ஓர் ஊர். தைராய்டு என்றால் குளமும் குளக்கரையுமாக இருக்கும். நெறிக்கட்டி என்றால் எள் விழ இடமில்லாத கூட்டம். விசையைத் திருகத் திருக வயல்கள் நகரும், இவளும் கூடவே நகர்வாள். உடம்பு நாற்காலியில் இருக்கும், கால்கள் எங்கோ நடந்துகொண்டிருக்கும்.

உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டிகள்தாம் அவளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தவை. அவற்றின் நிறம் அப்படி. சாயம் ஏற்றியதும் ரோஸும் ஊதாவும் கலந்த ஒரு பொருள் கண்ணாடியில் விரியும். சூரியன் இறங்கிய பிறகு மேற்கே கொஞ்ச நேரம் நிற்குமே, அந்த நிறம். அது நார்நாராகப் பிரிந்து, செல்கள் அதற்குள் கரைந்து கிடந்தால் நல்ல கட்டி, அவசரமில்லாமல் எடுத்துவிடலாம். அதே நிறம் உருண்டை உருண்டையாக, விளிம்பு கத்தரித்தாற்போல நின்று, சுற்றிலும் சின்னச் சின்னக் கரிய செல்கள் மொய்த்திருந்தால் அது வேறு. அது நரம்பைப் பிடித்துக்கொண்டே நகர்கிற புற்று. பார்வைக்கு இரண்டுமே அழகு. அதுதான் வம்பு.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன் வீட்டு ஆளின் ஸ்லைடு வந்தால் அதை அடுத்தவர் தட்டில் வைத்துவிட வேண்டும். யாரும் எழுதி ஒட்டிய விதி இல்லை. பாசம் கண்ணுக்குள் புகுந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்று இருவருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

கனவு டாக்டரின் வீட்டில் அவள், கணவர், மாடியில் கணவரின் தங்கை. மூன்று பேர்தான். அண்ணியும் நாத்தனாரும் என்றால் எலியும் பூனையும் என்று நினைப்பவர்கள் அந்த வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். நாத்தனார் காது கேளாத குழந்தைகளுக்கு ஆசிரியை. சைகை மொழியில் கை பாதியைத்தான் சொல்லும், மீதியை முகம் சொல்லும். இரண்டு புருவமும் மேலே ஏறினால் அது கேள்வி. புருவம் சுருங்கினால் 'ஏன், எங்கே, எப்படி'. கன்னம் உப்பினால் 'ரொம்பப் பெரிசு'. கை அதே கைதான். முகம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். அந்த வேலையிலேயே ஊறிப்போனதால் நாத்தனாரின் முகம் வீட்டிலும் சும்மா இருக்காது. அண்ணன் சாப்பிடும்போது ஆபீஸ் பெருமையை ஆரம்பித்தால் போதும், அவர் முதுகுக்குப் பின்னால் அவள் கன்னத்தை உப்பவைத்துக் காட்டுவாள். டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து போவாள். அவர் என்ன என்று திரும்பிப் பார்க்கும்போது தங்கை முகம் பச்சைக் குழந்தை முகமாக இருக்கும்.

கட்டியைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. நாத்தனாரே ஒரு நாள் தலை வாரும்போது வலது காது மடலுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஏதோ உருளுவதாகச் சொன்னாள். வலி இல்லை. எப்போதாவது கன்னத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், அதுகூட ஜன்னல் பக்கம் படுப்பதால்தான் என்றாள். டாக்டர் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. அடியில் ஆழமாக இருந்தது. முகத்தை அசைக்கிற நரம்பு காதடியில் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்தான் ஐந்தாகப் பிரிகிறது என்பது டாக்டருக்குத் தெரியும். அன்று முழுக்க அவள் நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன அண்ணி, முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று அவள் கேட்கும்வரை பார்த்தாள்.

கட்டி ஆழத்தில் இருந்ததால் ஸ்கேன் அறையில் வைத்துத்தான் ஊசி போட வேண்டியிருந்தது. இருட்டான சின்ன அறை. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அலையடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேன் டாக்டர் ஜெல்லைத் தடவிக் கருவியை அழுத்தி இடம் காட்ட, இவள் ஊசியை இறக்க வேண்டும். ஜெல்லைத் துடைத்துவிட்டுத்தான் குத்துவது முறை. ஆயிரம் முறை துடைத்த கை அது. ஆனால் அன்று நாத்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயை மட்டும் கோணிக்காட்டி, ஊசி போடுகிற அண்ணன் பெண்டாட்டியைப் பழித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தால் கை எதை மறக்கும் என்று யாரால் சொல்ல முடியும். இவள் துடைக்கவில்லை. ஊசி உள்ளே போய் வந்தது. சொட்டைக் கண்ணாடியில் வைத்து இன்னொரு கண்ணாடியால் இழுத்தாள். ஈரம் காயும்வரை விசிறினாள், சாயம் ஏற்றினாள். ஸ்லைடுகளைக் கொண்டுபோய் அடுத்த டாக்டர் சந்தேகத்தின் தட்டில் வைத்தாள், முறைப்படி.

சந்தேகம் அன்று லீவு. உறவில் ஏதோ கல்யாணம். இரண்டு நாள் கழித்துத்தான் வருவார்.

இங்கேதான் அவள் பிசகினாள். தட்டில் இருந்த ஸ்லைடு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பார்வை, வெறும் ஒரு பார்வை, அதற்குப் பெயர் படிப்பது இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

அந்தி விரிந்தது. அகலமான, ஆழமான ஊதா. ஓரங்கள் மெல்லப் பிரிந்து போயின. ஆங்காங்கே சின்னச் செல்கள், அமைதியாக, சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள்போல. அவள் அதற்குள் நடந்தாள். காற்று இருந்ததாகக்கூடத் தோன்றியது. தூரத்தில் நாத்தனார் யாருக்கோ கையசைத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. முகத்தின் இரண்டு பக்கமும் சிரித்தது. டாக்டருக்கு அப்படியே அங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தது. நல்ல கட்டி. நல்ல கட்டிதான். எவ்வளவு அழகான ஊதா.

வாய் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்துச் சொல்லிவிட்டாள். பயப்பட ஒன்றும் இல்லை, நல்ல கட்டி, பள்ளிக்கூடம் ஆண்டு விடுமுறை விட்டதும் சாவகாசமாக ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வயிற்றில் பாலை வார்த்தீங்க என்றாள் நாத்தனார். அன்று சாயங்காலம் அண்ணன் ஆபீஸ் பெருமையைச் சொல்லச் சொல்ல இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். அவருக்கே அது கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

அடுத்த நாள் ஒரு தச்சரின் ஸ்லைடு வந்தது. அக்குளில் நெறிக்கட்டி, அதே ஸ்கேன் அறையில் வைத்து ஸ்கேன் டாக்டர் எடுத்தது. டாக்டர் வழக்கம்போல அந்தக் கூட்டத்துக்குள் இறங்கினாள். தெருவெல்லாம் ஆட்கள், நெருக்கியடித்துக்கொண்டு, எதிர்பார்த்தபடியே. ஒரு திருப்பத்தில் அந்தி வந்தது.

அவள் கை நின்றது. நெறிக்கட்டியில் அந்த நிறத்துக்கு வேலையே இல்லை. தச்சரின் அக்குளில் உமிழ்நீர்ச் சுரப்பி இல்லை. ஆனாலும் அது இருந்தது. அதே அகலம், அதே ஆழம், ஓரத்தில் அதே மெல்லிய பிரிவு. வேறு ஊரில் போய் இறங்கினால் தன் வீட்டுச் சுவரே எதிரில் நிற்பதுபோல இருந்தது. எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

பிறகு ஸ்கேன் அறைக்குப் போனாள். அங்கே வெளிச்சம் குறைவு. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல மெதுவாக நடந்தது. ஜெல் பாட்டிலைக் கவிழ்த்து ஒரு சுத்தமான கண்ணாடியில் ஒரு துளி விட்டுக்கொண்டாள். எதற்கு டாக்டர் என்று கேட்டார்கள். பார்க்கத்தான் என்றாள். இழுத்தாள், விசிறினாள், சாயம் ஏற்றுகிற மூன்று ஜாடிகளிலும் வரிசையாக முக்கி எடுத்தாள், குழாயடியில் கழுவினாள். அந்தக் கண்ணாடியில் யாருடைய உடம்பும் இல்லை. ரத்தம் இல்லை, செல் இல்லை, பிறந்தவர் இறந்தவர் யாரும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

அந்தி விரிந்தது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஓர் ஆளும் வசிக்காத ஊரில் அவ்வளவு பெரிய மாலை. நேற்று இதற்குள்தான் நடந்தாள், இதற்குள்தான் காற்று வீசியது, இதைப் பார்த்துத்தான் போனை எடுத்தாள். பிறகு நாத்தனாரின் ஸ்லைடை மறுபடி வைத்தாள், இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. இப்போது தெரிந்தது. செல்கள் அந்த ஊதாவுக்குள் கரைந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. மிகக் கொஞ்சம்தான் இருந்தன, சின்னதாக, கருமையாக. நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷம் பார்த்த கண், ஆசைப்பட்டதும் ஒரு பாட்டில் பசையிடம் ஏமாந்துபோயிருக்கிறது.

வீட்டுக்குப் போகிற வழியில் தெரு, விளக்கு, கடை எல்லாவற்றின் மேலும் லேசாக ஊதா படிந்திருந்தது. கண்ணைக் கசக்கினாலும் போகவில்லை.

நாத்தனார் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கதவோரம் நின்றாள்.

"நேத்து சொன்னத மறந்துடு" என்றாள். "நான் தப்பாப் பாத்துட்டேன்."

நாத்தனார் துணியைக் கீழே வைக்கவில்லை. "அப்ப நீங்க பாத்தது என்ன அண்ணி?"

"ஸ்கேன் ஜெல். துடைக்க மறந்துட்டேன். சாயம் போட்டா அதுவும் அதே மாதிரிதான் தெரியும். உன் கட்டில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கவும் கூடாது. ஆசைல பாத்துட்டேன்."

நாத்தனார் ஒரு சட்டையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். முகம் மட்டும் எதையும் சொல்லாமல் இருந்தது. அந்த முகம் எதையும் சொல்லாமல் இருந்து டாக்டர் பார்த்ததே இல்லை.

"சரி" என்றாள் கடைசியில். "அந்த ஜெல்லுக்கு ஒண்ணுமில்ல, அது நல்லா இருக்குன்னாவது தெரிஞ்சுதே."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். டாக்டரால் சிரிக்க முடியவில்லை. போய் அவளைக் கட்டிக்கொண்டாள். துணிக் குவியல் இருவருக்கும் நடுவில் நசுங்கியது. ஏன் அண்ணி, விடுமுறைவரைக்கும் காத்திருந்தால் என்ன ஆகும் என்று காதருகில் கேட்டாள் நாத்தனார். கெட்டதாக இருந்தால் அது நரம்பைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நாளும் நடந்துகொண்டே இருக்கும் என்றாள் டாக்டர். அந்த எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது ஜன்னல் காற்றால் இல்லையோ என்று இப்போது பயமாக இருக்கிறது என்பதையும் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது முறை சந்தேகம்தான் ஊசி போட்டார். ஜெல்லை அவர் துடைத்த துடைப்பில் தோலே வந்துவிடும்போல இருந்தது. டாக்டர் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. ஸ்லைடுகள் அவர் தட்டுக்குப் போயின. இவள் தன் நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சுவரில் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பில் ஒரு விரிசல், அது ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையிலேயே கொஞ்ச தூரம் போய் வந்தாள்.

சந்தேகம் எதையும் நேரடியாகச் சொல்ல மாட்டார். 'இருக்கலாம்', 'போல் தெரிகிறது', 'இன்னொரு முறை எடுத்துப் பார்த்தால் நல்லது', இந்த மூன்று வாக்கியத்திலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். அறுவை டாக்டர்கள் அவர் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். டாக்டர் அன்று அவருடைய ஒரு 'இருக்கலாம்' போதும் என்று காத்திருந்தாள். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வந்து இவள் பக்கத்தில் நின்றார். அவரும் அந்தச் சுவரையே பார்த்தார்.

"உருண்டைங்க" என்றார். "நிறைய. இதுல சந்தேகம் இல்லைங்க."

ஆபரேஷன் அந்த வாரமே நடந்தது. அறுவை டாக்டர் வெளியே வந்து சொன்னதை டாக்டரும் கணவரும் நின்றுகொண்டே கேட்டார்கள். கட்டியை முழுக்க எடுத்தாயிற்று. ஆனால் நரம்பு பிரிகிற இடத்தில் அது சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை விட்டுவைக்க முடியவில்லை. காலிலிருந்து வேறொரு நரம்பை எடுத்து இணைத்திருக்கிறார். அசைவு வந்தால் மெதுவாக வரும், வராமலும் போகலாம். விடுமுறைவரை தள்ளிப்போட்டிருந்தால் மண்டைக்குள்ளேயே போயிருக்கும் என்றார் அவர். ஆறுதலுக்குத்தான் சொன்னார். கணவர் தலையை ஆட்டினார். என்ன கேட்டோம் என்று அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அன்றுதான் டாக்டர் தன் கணவர் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்ததைப் பார்த்தாள்.

நாத்தனாரின் முகத்தில் வலப்பக்கம் தூங்கிப்போயிற்று. வலது புருவம் இறங்கி நின்றது. வலது கண் மூடாது, சொட்டு மருந்து விட்டு ஒட்டிவைக்க வேண்டும். கதிர்சிகிச்சை ஒரு பக்கம் நடந்தது. வீட்டில் அவள் கண்ணாடியைத் திருப்பி வைக்கவில்லை, அழவும் இல்லை. ஆனால் அண்ணன் பேசும்போது அவருக்குப் பின்னால் போய் நிற்பதை விட்டுவிட்டாள். டாக்டர் அதைப் பார்த்தாள். தன் மேல் கோபம் வரும்போதெல்லாம் போய் அந்தக் கண்ணுக்கு மருந்து விடுவாள். பாதி முகத்தோடு பாடம் சொல்ல முடியுமா என்று ஒரு நாள் நாத்தனார் கேட்டாள். கேள்வி கேட்கிறேனா, சொல்கிறேனா என்றே பிள்ளைகளுக்குத் தெரியாதே அண்ணி என்றாள். போய்த்தான் பாரேன் என்றாள் டாக்டர்.

போனாள். சில வாரங்கள் ஆயின. ஒரு மதியம் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப்போக டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

நீளமான நடைவழி. சத்தமே இல்லாத பள்ளிக்கூடம் எப்போதும் டாக்டரைக் கொஞ்சம் மயக்கும். ஜன்னல் வழியே விழுந்த வெயில் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. கதவு திறந்திருந்தது. சின்னப் பிள்ளைகள் அரைவட்டமாக உட்கார்ந்திருக்க, நாத்தனார் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பையன் கையை அசைத்து ஏதோ கேட்டான். கேட்கும்போது அவனுடைய ஒரு புருவம் மட்டும் மேலே ஏறியது. மற்றது அசையவில்லை. அடுத்து ஒரு பெண். அவளுக்கும் ஒரு புருவம்தான் ஏறியது. இன்னொருத்தி அடுத்த புருவம் தானாக ஏறிவிடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வகுப்பு முழுக்க, பாதி முகத்தால் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். இரண்டும் ஏற வேண்டும் என்று காட்டினாள். காட்டுவதற்குத் தன் வலது புருவத்தை விரலால் தூக்கிப் பிடித்தாள். உடனே எல்லாப் பிள்ளைகளும் ஒரு விரலை எடுத்துத் தங்கள் புருவத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். இடது கன்னம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கதவோரம் டாக்டருக்கு அடக்க முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும்.

சத்தம் அவர்களுக்குக் கேட்காது. ஆனால் ஓரத்தில் இருந்த ஒரு சிறுமி திரும்பிப் பார்த்துவிட்டாள். புதிதாகச் சேர்ந்தவள் என்று நாத்தனார் வீட்டில் சொல்லியிருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் சைகை தெரியாதாம். அவளிடம் முதன்முதலாகப் பேசிய ஆளே இந்த டீச்சர்தானாம். அவள் எழுந்து டாக்டரின் அருகில் வந்து நின்று, முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு விரலால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஏதோ கேட்டாள். டாக்டர் நாத்தனாரைப் பார்த்தாள்.

"உங்க முகம் ஏன் ரெண்டு பக்கமும் அசையுதுன்னு கேக்கறா அண்ணி."

டாக்டர் அந்தக் குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு புருவத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதை மட்டும் மேலே ஏற்றிக் காட்டினாள்.